திங்க்பேட் டி480 செகண்ட் ஹேண்ட்: லினக்ஸில் ஒழுங்காகத் தூங்கி எழுகிறதா?

லெனோவோ திங்க்பேட் டி480-ஐ லினக்ஸுக்காக செகண்ட் ஹேண்டில் தாராளமாக வாங்கலாம். கீபோர்டுக்காகவோ இரட்டை பேட்டரிக்காகவோ இதைச் சொல்லவில்லை. இந்த மாடலில் எஸ்3 தூக்கம் உண்மையாகவே இருக்கிறது, அதுதான் காரணம். மூடியை மூடினால் ப்ராசஸர், எஸ்எஸ்டி, திரை எல்லாம் அணைந்து, ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும் நிலை அது. இன்டெல் 11ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த பெரும்பாலான லேப்டாப்களில் எஸ்3 கிடையாது. எஸ்2ஐடில் என்ற அரைத்தூக்கம் மட்டும்தான். அது சரியாக அமைந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமையாவிட்டால், ஏதாவது ஒரு டிவைஸ் விழித்திருந்தாலே போதும், ப்ராசஸர் ஆழத்துக்குப் போகாது. பைக்குள் லேப்டாப் சுடும். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பேட்டரி காலியாகியிருக்கும்.

டி480 வந்தது 2018ல். 14 அங்குலத் திரை. பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறை ஐ5-8250யு, ஐ5-8350யு, ஐ7-8550யு, ஐ7-8650யு ப்ராசஸர்கள். இரண்டு டிடிஆர்4 ரேம் ஸ்லாட். உள்ளே 24 வாட்-ஹவர் பேட்டரி ஒன்று திருகி வைத்திருக்கும். வெளியே கழற்றி மாட்டும் பேட்டரி 24, 48, 72 வாட்-ஹவர் என மூன்று அளவில் வரும். பெரிய கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்துவிட்டவை சென்னை ரிச்சி தெரு வழியாகப் புதுச்சேரி, கடலூர் கடைகளுக்கும் வருகின்றன. இந்த மதிப்புரையில் உள்ளதெல்லாம் டெபியன் 12 (ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோ, அதாவது தொகுப்பு), எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், 16 ஜிபி ரேம் என்ற அமைப்புக்கானது. உபுண்டுவும் ஃபெடோராவும் மாறுபடும் இடங்களில் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கிறது. கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. டெர்மினலில் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

நம் ஊருக்கு ஹைபர்னேட், அதாவது ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது, ஏன் முக்கியம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. இரண்டு முறையும் பல பகுதிகளில் கரண்ட் வர நேரம் பிடித்தது. எஸ்3 தூக்கத்தில் இருக்கும் லேப்டாப்புக்குப் பேட்டரி தீரும் தருணத்தில் எதையும் சேமிக்கத் தெரியாது, ஏனென்றால் அப்போது லினக்ஸே ஓடிக்கொண்டிருக்கவில்லை. ரேமில் இருந்ததெல்லாம் அந்த நொடியோடு போய்விடும். கொஞ்ச நேரம் எஸ்3-ல் இருந்துவிட்டுத் தானாக ஹைபர்னேட்டுக்கு மாறும் அமைப்புதான் இங்கே நம்பகமானது. டி480 அதை நன்றாகவே செய்கிறது. ஆனால் எந்த டிஸ்ட்ரோவிலும் அது தானாக வந்துவிடாது, நாம்தான் அமைக்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் டெபியன் லைவ் பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பவர் ஆன் செய்ததும் எஃப்12 அழுத்தினால் பூட் மெனு வரும். பூட் வரியின் கடைசியில் டூரேம் என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் மொத்த சிஸ்டமும் ரேமுக்குள் ஏறிவிடும், பென்டிரைவைக் கழற்றிவிடலாம். இதைச் செய்யாமல் தூங்க வைத்தால், எழும்போது பென்டிரைவ் சரியாகத் திரும்பி வராமல் எல்லாம் உறைந்து நிற்க வாய்ப்பு உண்டு. லேப்டாப்பில் குறை என்று நினைத்து நல்ல மெஷினை விட்டுவிட்டு வருவீர்கள்.

அதற்கு முன் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் கேட்டால் அந்த மெஷினை வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் காயின் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அந்தப் பாஸ்வேர்ட் போகாது. மதர்போர்டை மாற்றுவதுதான் லெனோவோ சொல்லும் வழி. பாஸ்வேர்ட் போட்ட மெஷினில் செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட சிஸ்டத்தை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பை) அணைக்க முடியாது. செக்யூர் பூட் அணையாமல் டெபியனிலும் உபுண்டுவிலும் ஹைபர்னேட் நடக்காது. "பாஸ்வேர்ட் இருந்தா என்ன சார், விண்டோஸ் நல்லா ஓடுதே" என்று கடைக்காரர் சொல்வது விண்டோஸுக்குச் சரி, உங்களுக்கு ஆகாது. செக்யூரிட்டி மெனுவில் கம்ப்யூட்ரேஸ் (லேப்டாப்பைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதி) இயக்கத்தில் இருப்பதாகக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

லைவ் சிஸ்டம் வந்ததும் முதல் கட்டளை: கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப். நல்ல டி480-ல் "எஸ்2ஐடில் [டீப்]" என்று வரும். சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது தேர்வாகியிருக்கும் தூக்கம். டீப் என்றால் எஸ்3. அடுத்து சூடோ ஆர்டிசிவேக் -எம் மெம் -எஸ் 60. திரை அணையும். மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு, மூடியின் வெளிப்புறம் திங்க்பேட் என்ற எழுத்தில் 'ஐ'க்கு மேல் இருக்கும் சிவப்புப் புள்ளியைப் பாருங்கள். மெதுவாக மங்கி, மெதுவாகப் பிரகாசமாகி, மறுபடி மங்கும். மூச்சு விடுவது போன்ற அந்தத் துடிப்பு வந்தால் மெஷின் தூங்கிவிட்டது. ஃபேன் சத்தம் துளியும் இருக்கக் கூடாது. 60 விநாடியில் தானே எழ வேண்டும். புள்ளி துடிக்காமல் அப்படியே எரிந்துகொண்டு திரை மட்டும் கறுத்திருந்தால், தூங்கப் போகும் வழியில் எங்கோ சிக்கிக்கொண்டது என்று அர்த்தம்.

எழுந்ததும் டிமெசேஜ் கட்டளையில் "பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி (டீப்)" என்ற வரியும் "பிஎம்: சஸ்பெண்ட் எக்ஸிட்" என்ற வரியும் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு தடவை வேலை செய்தது போதாது. விடாமல் பத்துச் சுற்று ஓட விடுங்கள். ரேம் ஸ்லாட்டில் தூசியோ, உப்புக்காற்றில் கறுத்த தொடர்போ இருந்தால் நான்காவது ஐந்தாவது சுற்றில்தான் அது வெளியே வரும். கடற்கரைப் பக்கம் சில வருஷம் ஓடிய மெஷின்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரேமைக் கழற்றி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தங்க நிறத் தொடர்புகளைத் துடைத்து மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். வெளிப் பேட்டரியின் தொடர்புகளுக்கும் இதே வைத்தியம்தான்.

பேட்டரியின் உடல்நிலையும் இங்கேயே தெரிந்துவிடும். /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை அடைவில் பேட்0 என்பது உள் பேட்டரி, பேட்1 வெளி பேட்டரி. ஒவ்வொன்றிலும் எனர்ஜி_ஃபுல் எண்ணை எனர்ஜி_ஃபுல்_டிசைன் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 0.6-க்குக் கீழே இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். உள் பேட்டரி செத்து, வெளி பேட்டரி மட்டும் உயிரோடிருக்கும் மெஷின் வேண்டாம்: தூக்கத்தில் இருக்கும்போது வெளி பேட்டரியைக் கழற்றி வேறொன்று மாட்டும் வசதி உள் பேட்டரியின் பலத்தில்தான் நிற்கிறது.

இடப்பக்கம் இருக்கும் இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்டிலும் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். இந்தத் தலைமுறை திங்க்பேட்களில் தண்டர்போல்ட் கன்ட்ரோலரின் பழைய ஃபர்ம்வேர், தன் ஃப்ளாஷ் நினைவகத்தில் ஓயாமல் எழுதி எழுதி, கடைசியில் போர்ட்டையே முடக்கிவிடும் குறை இருந்தது. 2019ல் லெனோவோ திருத்தம் வெளியிட்டது. திருத்தம் போடாத மெஷின்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஃபர்ம்வேர் அப்டேட்: எஃப்டபிள்யுஅப்டிஎம்ஜிஆர் ரெஃப்ரெஷ், பிறகு எஃப்டபிள்யுஅப்டிஎம்ஜிஆர் அப்டேட். இதற்கு சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், பேட்டரியிலும் போதுமான சார்ஜ் வேண்டும். கரண்ட் போய் வரும் நேரத்தில் பயாஸ் அப்டேட்டைத் தொடங்காதீர்கள்.

எஸ்3: பெரும்பாலும் தொல்லை இல்லை

டெபியன் 12 போட்டவுடனே டீப் தூக்கம் தானாகத் தேர்வாகிவிடும். யாராவது முன்பு மாற்றி வைத்திருந்து எஸ்2ஐடில் வந்தால், /எட்க்/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கெர்னலுக்கான (லினக்ஸின் மையப் பகுதிக்கான) வரியில் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப் என்று சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டி ரீபூட் செய்தால் முடிந்தது.

தூக்கத்தில் எவ்வளவு தின்கிறது என்பதை ஒரு ராத்திரியில் அளந்துவிடலாம். படுக்கும் முன் பேட்0, பேட்1 இரண்டின் எனர்ஜி_நௌ எண்களையும் கூட்டி எழுதி வையுங்கள். அது மைக்ரோவாட்-ஹவரில் இருக்கும். காலையில் மறுபடி கூட்டுங்கள். வித்தியாசத்தைப் பத்து லட்சத்தால் வகுத்து, மணிக்கணக்கால் வகுத்தால் வாட் கிடைக்கும். அரை வாட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. 24-உம் 48-உம் சேர்த்து 72 வாட்-ஹவர் புது பேட்டரியில் அது ஆறு நாள் தாங்கும் கணக்கு. ஒரு வாட்டைத் தாண்டினால் ஏதோ விழித்திருக்கிறது. பயாஸின் கான்ஃபிக் மெனுவில் யுஎஸ்பி பகுதியில் இருக்கும் ஆல்வேஸ் ஆன் யுஎஸ்பி-யை அணையுங்கள். நெட்வொர்க் பகுதியில் வேக் ஆன் லேனையும் அணையுங்கள். இரண்டும் ஆபீஸ் உபயோகத்துக்கு வைத்தவை, வீட்டில் தேவையில்லை.

மூடி வைத்த லேப்டாப் பைக்குள் தானாக எழுந்துகொள்வதாகச் சிலர் சொல்வதற்குப் பெரும்பாலும் வயர்லெஸ் மவுஸின் சின்ன டாங்கிள்தான் காரணம். மவுஸ் பைக்குள் அசைய, யுஎஸ்பி கன்ட்ரோலர் மெஷினை எழுப்புகிறது. கேட் /ப்ராக்/ஏசிபிஐ/வேக்கப் என்று அடித்தால் எதெதற்கு எழுப்பும் உரிமை இருக்கிறது என்ற பட்டியல் வரும். எக்ஸ்ஹெச்சி என்று தொடங்கும் வரிதான் யுஎஸ்பி. அதன் பெயரை அதே கோப்புக்குள் எக்கோ செய்தால் எனேபிள்ட் என்பது டிசேபிள்ட் ஆகும். மறுபடி எக்கோ செய்தால் பழையபடி திரும்பிவிடும். அதனால் பூட்டில் ஓடும் ஸ்கிரிப்டில் போடும்போது முதலில் நிலையைப் பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். லிட் என்ற வரியை மட்டும் தொடாதீர்கள், மூடியைத் திறந்தால் எழாது.

இன்னொன்று: மூடி மூடியதை உணர்வது ஒரு காந்த சென்சார். வேறொரு லேப்டாப்பின் மேலே வைத்தாலோ, காந்தம் வைத்த டேப்லெட் உறை பக்கத்தில் இருந்தாலோ திறந்திருக்கும்போதே தூங்கப் போகும். சாஃப்ட்வேரில் தேடி நேரத்தை வீணாக்குவதற்கு முன் மேஜையைப் பாருங்கள்.

ஹைபர்னேட்: இங்கேதான் வேலை

ஹைபர்னேட் என்பது ரேமில் இருப்பதை ஸ்வாப்பில் (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடத்தில்) எழுதிவிட்டு முழுசாக அணைந்துவிடுவது. புள்ளி விளக்கும் எரியாது. ஒரு வாரம் கழித்து ஆன் செய்தாலும் திறந்திருந்த டாக்குமென்ட் அப்படியே நிற்கும். முதல் தடை ஸ்வாப்தான். டெபியன் 12 இன்ஸ்டாலர் கேட்காமலே பிரித்துத் தரும் ஸ்வாப் சுமார் 1 ஜிபி. ஃபெடோரா 33 முதல் டிஸ்க்கில் ஸ்வாப்பே வைப்பதில்லை. ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இஸட்ரேம் மட்டும்தான். ரேமில் இருப்பதை ரேமிலேயே எழுதி அணைக்க முடியாது அல்லவா, அதனால் இஸட்ரேம் ஹைபர்னேட்டுக்கு உதவாது.

இப்படி எழுதும் ரேமின் நகலுக்கு இமேஜ் என்று பெயர். அதை ரேமின் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கக் கெர்னல் பார்க்கும். ஆனாலும் அந்தக் கணக்கை நம்பிச் சின்ன ஸ்வாப் வைக்காதீர்கள். உலாவியில் நாற்பது டேப் திறந்திருக்கும் நாளில்தான் இடம் போதாமல் ஹைபர்னேட் தோற்று, மெஷின் விழித்தபடியே பைக்குள் கிடக்கும். 16 ஜிபி ரேமுக்கு 20 ஜிபி ஸ்வாப் ஃபைல் போதும். டிடி கமாண்டில் /டெவ்/ஜீரோவிலிருந்து /ஸ்வாப்ஃபைல் என்ற கோப்புக்கு, பிளாக் அளவு 1 எம், எண்ணிக்கை 20480. பிறகு சிஎச்மாட் 600, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன். ஒவ்வொரு பூட்டிலும் அது தானாக வர /எட்க்/எஃப்எஸ்டேபில் ஒரு வரி.

அடுத்த படியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். கெர்னலுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: எந்தப் பார்ட்டிஷன், அதில் எந்த இடம். எம்கேஸ்வாப் கட்டளை முடியும்போது ஒரு யுயுஐடி எண்ணை (அடையாள எண்ணை) காட்டும். அது ஸ்வாப் ஃபைலுக்கான எண். ரெஸ்யூமுக்கு, அதாவது திரும்பி எழுவதற்கு, அது ஆகாது. வேண்டியது அந்தக் கோப்பு உட்கார்ந்திருக்கும் பார்ட்டிஷனின் எண். ஃபைண்ட்மவுண்ட் -என்ஓ யுயுஐடி -டி /ஸ்வாப்ஃபைல் என்று கேட்டால் கிடைக்கும். இடத்தைக் கண்டுபிடிக்க சூடோ ஃபைல்ஃப்ராக் -வி /ஸ்வாப்ஃபைல். வரும் அட்டவணையில் 0 என்று தொடங்கும் முதல் வரியில் பிசிக்கல்_ஆஃப்செட் பத்தியின் முதல் எண்ணை எடுங்கள். எண்ணுக்குப் பின்னால் இரண்டு புள்ளி ஒட்டியிருக்கும்; அதை விட்டுவிட வேண்டும். பக்கத்துப் பத்தியில் இருக்கும் லாஜிக்கல் எண்ணை எடுத்தால் 0 என்று வரும், ஹைபர்னேட் சரியாக நடக்காது. எக்ஸ்ட்4-க்குப் பதில் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் ஃபைல்ஃப்ராக் தரும் எண்ணை நம்பக் கூடாது. பிடிஆர்எஃப்எஸ் இன்ஸ்பெக்ட்-இன்டர்னல் மேப்-ஸ்வாப்ஃபைல் -ஆர் தருவதுதான் சரியான எண்.

இரண்டையும் கிரப் கோப்பில் ரெஸ்யூம்=யுயுஐடி=..., ரெஸ்யூம்_ஆஃப்செட்=... என்று சேர்த்து, அப்டேட்-கிரப், பிறகு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு. ஸ்வாப் ஃபைலை அழித்துப் புதிதாகச் செய்தால் இடம் மாறிவிடும், எண்ணை மறுபடி எடுக்க வேண்டும். தனி ஸ்வாப் பார்ட்டிஷன் வைத்திருப்பவர்களுக்கு ஆஃப்செட் தேவையில்லை. ஆனால் அவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. பக்கத்தில் இன்னொரு டிஸ்ட்ரோ போடும்போது அதன் இன்ஸ்டாலர் அதே ஸ்வாப்பை மறுபடி ஃபார்மேட் செய்துவிடும், யுயுஐடி மாறிவிடும். அதன் பிறகு பழைய சிஸ்டம் பூட் ஆகும்போது "கேவ் அப் வெயிட்டிங் ஃபார் சஸ்பெண்ட்/ரெஸ்யூம் டிவைஸ்" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். /எட்க்/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம் கோப்பில் புது எண்ணைப் போட்டு, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு ஓட்டினால் தீர்ந்தது.

செக்யூர் பூட் பற்றி மேலே சொன்னது இங்கே வேலைக்கு வரும். அது ஆன் ஆக இருந்தால் கெர்னல் லாக்டவுன் நிலைக்குப் போய், ஹைபர்னேட்டையே தடுத்துவிடும். டிஸ்க்கில் இருக்கும் இமேஜை வேறொருவர் மாற்றி வைத்துவிடலாம் என்பது அதன் அச்சம், நியாயமானதுதான். கேட் /சிஸ்/பவர்/டிஸ்க் என்று பார்த்தால் "[டிசேபிள்ட்]" என்று மட்டும் வரும். ஸ்வாப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போவதில் பயனில்லை. பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். பாதுகாப்பு முக்கியம் என்றால் ரூட், ஸ்வாப் எல்லாவற்றையும் ஒரே என்கிரிப்டட் எல்விஎம்-க்குள் (சாவி போட்டுப் பூட்டிய ஒரே சேமிப்புத் தொகுதிக்குள்) வைப்பது நல்லது. என்கிரிப்ட் செய்யும்போது ஸ்வாப்புக்கு மட்டும் /டெவ்/யுரேண்டம் சாவி கொடுக்கும் பழைய வழக்கம் ஹைபர்னேட்டுக்கு ஆகாது. ஒவ்வொரு பூட்டிலும் சாவி மாறும். எழுதி வைத்த இமேஜைத் திறக்க வழியில்லை.

சோதிக்கும்போது நேராக அணைக்க வேண்டியதில்லை. ரூட்டாக இருந்து, டெஸ்ட்_ரெஸ்யூம் என்ற சொல்லை /சிஸ்/பவர்/டிஸ்க்கில் எக்கோ செய்து, பிறகு டிஸ்க் என்ற சொல்லை /சிஸ்/பவர்/ஸ்டேட்டில் எக்கோ செய்யுங்கள். இமேஜை எழுதி, அணையாமலே திரும்பப் படித்துவிடும். இது தேறினால் டிரைவர்கள் சரி என்று வைத்துக்கொள்ளலாம். மீதி ரெஸ்யூம் எண்கள்தான். அதன் பிறகு சிஸ்டம்சிடிஎல் ஹைபர்னேட். இமேஜ் எழுதி முடித்தும் மெஷின் அணையாமல் நின்றாலோ, உடனே ரீபூட் ஆனாலோ, /எட்க்/சிஸ்டம்டி/ஸ்லீப்.கான்ஃப் கோப்பில் ஹைபர்னேட்மோட்=ஷட்டவுன் என்று வையுங்கள். பயாஸின் எஸ்4 வழியை விட்டுவிட்டு வெறுமனே அணைக்கும்.

விண்டோஸும் கூட இருந்தால் ஒரு கண்டிப்பு: ஹைபர்னேட் ஆன லினக்ஸை அப்படியே விட்டுவிட்டு விண்டோஸில் போய், இரண்டுக்கும் பொதுவான டிரைவில் எழுதாதீர்கள். திரும்பி வரும் லினக்ஸ் தன் நினைவில் இருக்கும் பழைய நிலையை நம்பி எழுதும், ஃபைல் சிஸ்டம் சிதையும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிடுங்கள். அதுவும் ஒரு வகை ஹைபர்னேட்தான்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடுமே என்ற பயம் வேண்டாம். ஒரு தடவைக்கு 5 ஜிபி, நாளுக்கு இரண்டு தடவை என்றாலும் வருஷத்துக்கு 4 டெராபைட்டைத் தொடாது.

தூங்கிவிட்டுப் பிறகு ஹைபர்னேட்

இரண்டையும் சேர்க்கும் சஸ்பெண்ட்-தென்-ஹைபர்னேட்தான் டி480-க்கு ஏற்ற அமைப்பு. /எட்க்/சிஸ்டம்டி/ஸ்லீப்.கான்ஃப் கோப்பில் ஹைபர்னேட்டிலேசெக்=2எச்; /எட்க்/சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப் கோப்பில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச்=சஸ்பெண்ட்-தென்-ஹைபர்னேட். சிஸ்டம்டி-லாகின்டியை உடனே ரீஸ்டார்ட் செய்தால் திறந்திருக்கும் செஷன் போய்விடலாம். மெஷினையே ரீபூட் செய்யுங்கள். 2 மணி நேரம் என்று எழுதுவதற்கு முன் 3 நிமிஷம் என்று வைத்துச் சோதியுங்கள். மூன்றாவது நிமிஷத்தில் கடிகார அலாரம் மெஷினை எழுப்பும், திரை வராமலே இமேஜ் எழுதும், துடித்துக்கொண்டிருந்த சிவப்புப் புள்ளி அணையும்.

ஹைபர்னேட்டிலேசெக் எண்ணை எழுதாமல் விட்டால், டெபியன் 12-ல் இருக்கும் சிஸ்டம்டி 252 (பூட்டையும் சர்வீஸ்களையும் நிர்வகிக்கும் மென்பொருள்) பேட்டரி வடியும் வேகத்தைத் தானே கணித்து, சுமார் 5 சதவீதம் வரும்வரை காத்திருக்கும். புது பேட்டரிக்கு அது சரி. பழைய பேட்டரி, அதிலும் கம்பெனி அல்லாத மாற்று பேட்டரி, 20 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்து சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். அதனால் செகண்ட் ஹேண்ட் மெஷினில் நேரத்தை எழுதி வைப்பதுதான் பத்திரம். விழித்திருக்கும்போதும் இதே ஆபத்து உண்டு: /எட்க்/யுபவர்/யுபவர்.கான்ஃப் கோப்பில் பர்சென்டேஜ்ஆக்‌ஷன் 2 என்று இருக்கும், அதை 8 ஆக்குங்கள்; பர்சென்டேஜ்கிரிட்டிகலும் அதைவிடக் கூடுதலாக, 10 என்று இருக்கட்டும். கிரிட்டிகல்பவர்ஆக்‌ஷனை ஹைபர்னேட் என்று மாற்றுங்கள். புயல் நாளில் இந்த மூன்று வரிதான் வேலையைக் காப்பாற்றும்.

எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் பயன்படுத்துபவர்களுக்கு இவ்வளவும் செய்தும் மூடி மூடினால் வெறும் சஸ்பெண்ட் மட்டுமே ஆகும். அதன் பவர் மேனேஜர் மூடியைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்கிறது. எக்ஸ்எஃப்கான்ஃப் அமைப்பில் லாகின்டி-ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச் என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். கேடிஇ டெஸ்க்டாப்பும் மூடியைத் தானே கையாள்கிறது. அதன் பவர் செட்டிங்கிலேயே இந்தத் தேர்வு இருக்கிறது. உபுண்டுவில் ஹைபர்னேட் மெனுவில் வராததற்கு போல்கிட் என்ற அனுமதி விதி காரணம். டெர்மினலில் சூடோவோடு ஓட்டினால் நடக்கும்.

எழுந்த பிறகு வரும் சில்லறைத் தொல்லைகள்

டி480-ன் இன்டெல் 8265 வைஃபை பெரும்பாலும் சொல்பேச்சு கேட்கும். எப்போதாவது எழுந்ததும் நெட்வொர்க் எதையும் காட்டாவிட்டால், ஐடபிள்யுஎல்எம்விஎம், ஐடபிள்யுஎல்வைஃபை இரண்டு மாட்யூலையும் (டிரைவர்களையும்) மாட்ப்ரோப் -ஆர் கொண்டு இறக்கி, மறுபடி ஏற்றினால் வந்துவிடும். டச்பேட் தடவித் தடவி நகர்ந்தால் பிஎஸ்மவுஸ் மாட்யூலுக்கு இதே வைத்தியம். அடிக்கடி வந்தால் கெர்னல் வரியில் பிஎஸ்மவுஸ்.சினாப்டிக்ஸ்_இன்டர்டச்=0 என்று வைத்துப் பாருங்கள். தினமும் கையால் செய்ய வேண்டாம்: /லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப் அடைவில் ஒரு ஸ்கிரிப்டை வைத்து எக்ஸிக்யூட் அனுமதி கொடுங்கள். தூங்கும் முன் ப்ரீ என்ற சொல்லோடும், எழுந்த பின் போஸ்ட் என்ற சொல்லோடும் சிஸ்டம்டியே அதை அழைக்கும்.

விரல் ரேகை சென்சாரை எதிர்பார்த்து இந்த மாடலை வாங்க வேண்டாம். விரல் ரேகைக்கான வழக்கமான மென்பொருள் எஃப்பிரிண்ட்டில் இதற்கு ஆதரவு இல்லை. பைத்தான்-வேலிடிட்டி என்ற தன்னார்வத் திட்டம் வழியாக ஓட்டலாம். ஓட்டினால் அதோடு வரும் சஸ்பெண்ட், ரெஸ்யூம் சர்வீஸ்களையும் எனேபிள் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தூங்கி எழுந்ததும் விரலை அடையாளம் காணாது.

எம்எக்ஸ்150 என்விடியா கிராஃபிக்ஸ் சிப் உள்ள டி480-ஐத் தவிர்த்துவிடுவது நல்லது. என்விடியாவின் சொந்த டிரைவர் போட்டால் என்விரெக்_ப்ரிசர்வ்வீடியோமெமரிஅலோகேஷன்ஸ்=1 என்ற தேர்வும், என்விடியா-சஸ்பெண்ட், என்விடியா-ஹைபர்னேட், என்விடியா-ரெஸ்யூம் என்ற மூன்று சர்வீஸ்களும் சேர்ந்து நடக்க வேண்டும். ஒன்று விட்டாலும் எழும்போது திரை கலங்கி வரும். பழைய எம்எக்ஸ்150 தரும் கூடுதல் வேகத்துக்கு இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டும் உள்ள ஐ5-8350யு, 16 ஜிபி, வெளியே 48 அல்லது 72 வாட்-ஹவர் பேட்டரி: தேட வேண்டியது இந்த மாதிரிதான். இன்னும் புதியது வேண்டும் என்பவர்கள் டி14 முதல் தலைமுறை வரை போகலாம்; அதன் பயாஸில் கான்ஃபிக், பவர், ஸ்லீப் ஸ்டேட் என்று போய் லினக்ஸ் என்பதைத் தேர்ந்தால் டீப் கிடைக்கும். அங்கே மாற்றாவிட்டால் எஸ்2ஐடில் மட்டும்தான்.

எதுவும் பிடிபடாமல் தூக்கத்திலேயே செத்துப்போகும் மெஷினுக்குக் கெர்னலிலேயே ஒரு கருவி இருக்கிறது. /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் கோப்பில் ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், ப்ராசஸர்ஸ், கோர் என்ற சொற்களை இதே வரிசையில் ஒவ்வொன்றாக எக்கோ செய்து, ஒவ்வொரு முறையும் மெம் என்ற சொல்லை /சிஸ்/பவர்/ஸ்டேட்டில் எக்கோ செய்யுங்கள். அந்தப் படி வரைக்கும் மட்டும் போய், 5 விநாடி நின்று திரும்பி வரும். ஃப்ரீசரில் தேறி டிவைசஸில் நின்றால் குற்றவாளி ஒரு டிரைவர். வைஃபை, என்விடியா, யுஎஸ்பி என்று மாட்யூல்களை இறக்கி இறக்கிப் பார்க்கலாம். டிவைசஸ் தேறி பிளாட்ஃபார்மில் நின்றால் பயாஸ் பக்கம் சந்தேகப்படுங்கள், அப்டேட் செய்யுங்கள். முடிந்ததும் நன் (எதுவுமில்லை) என்ற சொல்லை எக்கோ செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மூடி மூடிய ஐந்தாம் விநாடி மெஷின் எழுந்து உட்காரும்.

புதுச்சேரியில் எஃப்எஸ்ஹெச்எம், விழுப்புரத்தில் விஜிலக் என்று கட்டற்ற மென்பொருள் குழுக்கள் இருக்கின்றன. லினக்ஸ் தெரிந்தவர்களை நேரில் பார்த்துக் கேட்கலாம். போகும்போது பிஎம்_டெஸ்ட் எந்தப் படியில் நின்றது என்ற குறிப்பு, மெம்_ஸ்லீப் கோப்பில் இருந்த வரி, மெஷின் செத்து ரீபூட் ஆனவுடன் எடுத்த ஜர்னல்சிடிஎல் -பி -1 வெளியீடு, இந்த மூன்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். -1 என்பது இதற்கு முந்தைய பூட்டின் பதிவு. இரண்டு தடவை ரீபூட் செய்துவிட்டால் -2 என்று மாற்ற வேண்டும்.